போஸ்ட்கிரெஸுக்காக லினக்ஸ் கெர்னலைப் பக்குவப்படுத்துதல்: முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துத் தரச் சொல்லி அழைத்திருந்தார்கள். முதல் வேலையாக, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குரிய அமைவுகள் இருக்கும் கோப்பைத் திறந்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள். யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. முந்தைய சர்வரிலிருந்து வந்தது, அதற்கும் முந்தைய சர்வரில் இருந்தது என்றார்கள். ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தபோது, ஏறக்குறைய பாதி வரிகள் அந்தக் கெர்னலில் எந்த வேலையும் செய்யவில்லை. இரண்டு வரிகள் கெடுதலே செய்துகொண்டிருந்தன. உண்மையில் தேவைப்பட்ட ஒரு வரி அங்கே இல்லை.

கெர்னல் அமைவு ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கெர்னல் பதிப்புக்கும், ஒரு குறிப்பிட்ட வன்பொருளுக்கும், ஒரு குறிப்பிட்ட தொல்லைக்கும் எழுதப்பட்ட மருந்து. நோய் தெரியாமல் மருந்தை மட்டும் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே போகிறோம். ஆகவே இந்த வழிகாட்டியில் எண்ணை மட்டும் எழுதாமல், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். காரணம் தெரிந்தால் உங்கள் சர்வருக்குரிய எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சர்வரை வைத்துக்கொள்வோம்: 128 ஜிபி நினைவகம், என்விஎம்இ வட்டு, போஸ்ட்கிரெஸ் மட்டுமே ஓடுகிறது, ஷேர்ட்_பஃபர்ஸ் (போஸ்ட்கிரெஸின் எல்லா இணைப்புகளும் தரவை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் நினைவகம்) 32 ஜிபி, ஒரே நேரத்தில் 300 இணைப்புகள் வரை. அமைவுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். சர்வரில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் அளந்து வையுங்கள்

எதையும் தொடுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கெர்னல் பதிப்பு என்ன (யூநேம் கட்டளை சொல்லும்), போஸ்ட்கிரெஸ் பதிப்பு என்ன, இப்போது சர்வர் எப்படி ஓடுகிறது. மூன்றாவதுதான் பலரும் விட்டுவிடுவது. போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜிபெஞ்ச் என்ற சோதனைக் கருவியைக் கொண்டு அளக்கலாம். உங்கள் சொந்த வேலைச்சுமையை மறுபடி ஓட்டிப் பார்க்க வழியிருந்தால் அது இன்னும் நல்லது. எதைக் கொண்டு அளந்தாலும் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தாதீர்கள். நினைவகத்தில் மாறிய பக்கங்களையெல்லாம் வட்டில் எழுதி முடிக்கும் வேலைக்கு செக்பாயிண்ட் என்று பெயர். போஸ்ட்கிரெஸில் அதன் இயல்பான இடைவெளியே 5 நிமிடம். மூன்று நான்கு செக்பாயிண்டுகளைத் தாண்டி, குறைந்தது அரை மணி நேரம் ஓடினால்தான் வட்டின் உண்மை முகம் தெரியும்.

சராசரியை மட்டும் பார்த்து நிறைவடையாதீர்கள். சராசரி 2 மில்லி விநாடியாக இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 4 விநாடி எல்லாமே உறைந்து நிற்கும். பயனர் அழைத்துத் திட்டுவது அந்த 4 விநாடிக்குத்தான். கெர்னல் அமைவுகளால் கிடைக்கும் பெரும்பயனும் அங்கேதான் இருக்கிறது. சராசரி வேகம் கூடுவதைவிட, இடையிடையே மூச்சடைப்பது நிற்கும்.

நினைவகத்தையும் வட்டையும் கண்காணிக்கும் விஎம்ஸ்டாட், ஐஓஸ்டாட் கருவிகள் இரண்டையும் பக்கத்தில் ஓடவிடுங்கள். கெர்னல் 4.20 அல்லது அதற்குப் பிறகானது என்றால் /ப்ராக்/பிரெஷர் அடைவில் மெமரி, ஐஓ, சிபியூ என மூன்று கோப்புகள் இருக்கும். செயல்முறைகள் எதற்காக எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தன என்பதை அவை நேரடியாகச் சொல்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். ஊகத்துக்கு இடமே வைக்காது. சில விநியோகங்களில் இந்த வசதி அணைத்து வைக்கப்பட்டிருக்கும்; அப்போது கெர்னல் துவக்க வரியில் பிஎஸ்ஐ=1 என்று சேர்த்து மறுதுவக்கம் செய்ய வேண்டும்.

பிறகு ஒரே ஒரு விதி: ஒரு நேரத்தில் ஓர் அமைவை மட்டும் மாற்றுங்கள். ஐந்தைச் சேர்த்து மாற்றி நிலைமை மேம்பட்டால், எது மேம்படுத்தியது என்று தெரியாது. எது கெடுத்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியாது.

செத்த வரிகளை நீக்குங்கள்

புதிதாக எழுதுவதற்கு முன் பழையதைச் சுத்தம் செய்வோம். இணையத்தில் இன்றும் உலவும் பல குறிப்புகளில் முதல் வரியாக வருவது கெர்னல்.எஸ்எச்எம்மேக்ஸ், அடுத்து கெர்னல்.எஸ்எச்எம்ஆல். ஒரு காலத்தில் இவை கட்டாயம். போஸ்ட்கிரெஸ் தன் பகிர்வு நினைவகம் முழுவதையும் சிஸ்டம் ஃபைவ் என்ற பழைய முறையில் கெர்னலிடம் கேட்டது. கெர்னலின் உச்சவரம்போ மிகச் சிறியது. வரம்பை உயர்த்தாவிட்டால் டேட்டாபேஸ் எழுந்திருக்காது. 2013-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 9.3, அந்த வரம்புக்கு உட்படாத எம்மேப் என்ற முறைக்கு மாறிவிட்டது. சிஸ்டம் ஃபைவ் முறையில் இப்போது கேட்பது சில பைட்டுகள் மட்டுமே. 2014-இல் வந்த கெர்னல் 3.16-இல் அந்த வரம்பே ஏறக்குறைய எல்லையற்றதாக ஆக்கப்பட்டது. இரு பக்கமும் பிரச்சினை தீர்ந்து பத்தாண்டுக்கும் மேல் ஆகிறது. பழைய கோப்பிலிருந்து வந்த சிறிய எண் ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தால், இருக்கும் நல்ல வரம்பை அது குறைக்கத்தான் செய்யும். நீக்குங்கள்.

கெர்னல்.செம் என்ற வரிக்கும் இதே கதைதான். செயல்முறைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்க உதவும் செமஃபோர்களுக்கான வரம்பு அது. போஸ்ட்கிரெஸ் 10 முதல் லினக்ஸில் போசிக்ஸ் என்ற வேறு வகைச் செமஃபோர்கள் பயன்படுகின்றன. அந்த நான்கு எண்கள் இப்போது தேவையில்லை.

செயலி நேரப் பங்கீட்டைத் தொடும் கெர்னல்.ஷெட்_மைக்ரேஷன்_காஸ்ட்_என்எஸ் என்ற வரியும் பல கோப்புகளில் இருக்கும். கெர்னல் 5.13 முதல் இது சிஸ்சிடிஎல் (ஓடும்போதே மாற்றக்கூடிய கெர்னல் அமைவுகள்) பட்டியலிலேயே இல்லை; பிழைத்திருத்த அடைவுக்குப் போய்விட்டது. துவங்கும்போது அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பிழைச்செய்தி வரும், யாரும் அதைப் படிப்பதில்லை. எலிவேட்டர்=நூப் அல்லது எலிவேட்டர்=டெட்லைன் என்று கெர்னல் துவக்க வரியில் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்தப் பழைய வட்டு வரிசைமுறைகள் 2019-இல் வந்த 5.0 கெர்னலோடு விடைபெற்றுவிட்டன.

பெரிய பக்கங்கள்: இங்கேதான் அதிகப் பலன்

தொடக்கத்தில் சொன்ன சர்வரில் இல்லாத அந்த ஒரு வரி இதுதான். அவர்களுடைய புகார் விநோதமாக இருந்தது. எல்லாச் செயல்முறைகளின் நினைவகத்தையும் கூட்டிப் பார்த்தாலும், கேச்சைச் சேர்த்தாலும், கணக்கு இடிக்கிறது. ஏறக்குறைய 17 ஜிபி எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்றார்கள். /ப்ராக்/மெம்இன்ஃபோ கோப்பைத் திறந்து பேஜ்டேபிள்ஸ் என்ற வரியைக் காட்டினேன். அந்த 17 ஜிபியும் அங்கே இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கெர்னல் நினைவகத்தை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. 32 ஜிபி ஷேர்ட்_பஃபர்ஸ் என்றால் 83,88,608 பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்க 8 பைட்டு. பெருக்கினால் 64 எம்பி. போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு தனிச் செயல்முறை. ஒவ்வொரு செயல்முறைக்கும் தனித்தனிப் பக்க அட்டவணை. நீண்ட நேரம் உயிரோடு இருக்கும் இணைப்புகள் மெல்ல மெல்ல பஃபர் முழுவதையும் தொட்டுவிடுகின்றன. 300 இணைப்புகளும் தொட்டுவிட்டால் 300 பெருக்கல் 64 எம்பி, அதாவது 18.75 ஜிபி. எங்கே என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பதற்கு மட்டுமே இவ்வளவு. நினைவகம் வீணாவதோடு இது நிற்பதில்லை. செயலிக்குள் இருக்கும் சிறிய முகவரிக் கேச்சில் இந்த அட்டவணையின் மிகச் சிறு பகுதியே அடங்கும் என்பதால், ஒவ்வொரு தேடலிலும் செயலி அட்டவணையை மறுபடி புரட்ட வேண்டியிருக்கிறது.

பக்கத்தின் அளவை 2 எம்பி ஆக்கினால்? அதே 32 ஜிபிக்கு 16,384 பக்கங்கள் போதும். அட்டவணை 128 கேபி. 300 இணைப்புக்கும் சேர்த்து கூடிப்போனால் 37.5 எம்பி. ஓர் எண்ணை மாற்றுவதால் 18 ஜிபிக்கும் மேல் திரும்பக் கிடைக்கிறது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

செய்முறை இது. எத்தனைப் பக்கம் தேவை என்பதை போஸ்ட்கிரெஸையே கேட்கலாம். பதிப்பு 15 முதல் ஷேர்ட்_மெமரி_சைஸ்_இன்_ஹியூஜ்_பேஜஸ் என்ற மதிப்பு இருக்கிறது. டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, போஸ்ட்கிரெஸ் கட்டளையை அதன் தரவு அடைவோடும் பெரிய சி விருப்பத்தோடும் இந்தப் பெயரைக் கொடுத்து ஓட்டினால் எண்ணை அச்சிட்டுவிட்டு முடிந்துவிடும். 32 ஜிபி பஃபருக்கு 16,384-ஐவிடச் சில நூறு கூடுதலாக வரும். பஃபர் தவிர வேறு பகிர்வு நினைவகமும் இருப்பதே காரணம். அந்த எண்ணோடு ஒரு நூறைச் சேர்த்து எழுதுங்கள். எடுத்துக்காட்டாக:

விஎம்.என்ஆர்_ஹியூஜ்பேஜஸ் = 17000

பல நாள்களாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இதைப் போட்டால் கெர்னலால் அவ்வளவு தொடர்ச்சியான 2 எம்பித் துண்டுகளைத் தேடி எடுக்க முடியாமல் போகலாம். கேட்டது 17,000, கிடைத்தது 9,000 என்று நிற்கும், பிழைச்செய்திகூட வராது. மெம்இன்ஃபோவில் ஹியூஜ்பேஜஸ்_டோட்டல் வரியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். குறைந்தால் மறுதுவக்கம் செய்வதே நேர்வழி. எழும்போது நினைவகம் துண்டுபடாமல் இருக்கும்.

அடுத்து போஸ்ட்கிரெஸ் பக்கம். ஹியூஜ்_பேஜஸ் என்ற அமைவின் இயல்பு மதிப்பு ட்ரை. கிடைத்தால் எடுத்துக்கொள்ளும், கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் 4 கேபிக்குத் திரும்பிவிடும். அப்போது நீங்கள் ஒதுக்கிய 33 ஜிபி யாருக்கும் பயன்படாமல் பூட்டிக் கிடக்கும். போஸ்ட்கிரெஸ் தனியாக இன்னொரு 32 ஜிபி எடுத்துக்கொள்ளும். இதனால் நான் எப்போதும் ஆன் என்றே வைக்கிறேன். பக்கம் போதவில்லை என்றால் டேட்டாபேஸ் எழவே எழாது. இரவு மூன்று மணிக்கு நினைவகம் தீர்ந்து விழுவதைவிட, பராமரிப்பு நேரத்தில் கண்ணெதிரே எழ மறுப்பது எவ்வளவோ மேல். பதிப்பு 17-இல் ஹியூஜ்_பேஜஸ்_ஸ்டேட்டஸ் என்று கேட்டால் உண்மையில் பயன்படுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

புதிதாகச் செய்பவர்களைக் குழப்பும் ஒன்று: டேட்டாபேஸ் எழுந்த உடனே பார்த்தால் ஹியூஜ்பேஜஸ்_ஃப்ரீ ஏறக்குறைய முழுதாக இருக்கும். பயன்படவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். கீழே ஹியூஜ்பேஜஸ்_ஆர்எஸ்விடி வரியைப் பாருங்கள். முன்பதிவு ஆகியிருக்கும், பக்கங்கள் தொடப்படத் தொடப்பட ஃப்ரீ குறையும்.

ஓர் எச்சரிக்கை. இந்த எண்ணில் ஒரு பூஜ்யம் கூடிவிட்டால், மற்ற எதற்கும் நினைவகம் மிஞ்சாமல் சர்வர் எழவே திணறும். இரண்டு முறை படித்துவிட்டு எழுதுங்கள்.

ஒத்த பெயர், வேறு சங்கதி

டிரான்ஸ்பேரண்ட் ஹியூஜ் பேஜ் என்று ஒன்று இருக்கிறது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் ஏராளம். மேலே நாம் செய்தது முன்கூட்டியே ஒதுக்குவது. இதுவோ யாரும் கேட்காமலே கெர்னல் தானாகப் பக்கங்களைச் சேர்த்துப் பெரிதாக்குவது. அப்படிச் சேர்ப்பதற்குத் துண்டுபட்ட நினைவகத்தை நகர்த்தி ஒழுங்குபடுத்த வேண்டும். அந்த வேலை சில சமயம் உங்கள் வினவல் நினைவகம் கேட்கும் அதே நொடியில் நடக்கும். காரணமில்லாமல் செயலி உச்சத்துக்குப் போய் மீள்வது இதன் அடையாளம். /ப்ராக்/விஎம்ஸ்டாட் கோப்பில் காம்பாக்ட்_ஸ்டால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள்.

/சிஸ்/கெர்னல்/எம்எம்/டிரான்ஸ்பேரண்ட்_ஹியூஜ்பேஜ்/எனேபிள்ட் கோப்பில் ஆல்வேஸ், மேட்வைஸ், நெவர் என மூன்று தேர்வுகள். போஸ்ட்கிரெஸ் மட்டும் ஓடும் சர்வரில் நான் மேட்வைஸ் வைக்கிறேன்; கேட்கும் நிரலுக்கு மட்டும் கொடு என்று பொருள். ஆரக்கிள் ஓடும் சர்வரில் நெவர் வைக்கச் சொல்லியே அந்நிறுவனம் நெடுங்காலம் பரிந்துரைத்து வந்தது. மாங்கோடிபி பல ஆண்டுகள் இதை அணைக்கவே சொல்லிவந்தது, பதிப்பு 8.0 முதல் நினைவக ஒதுக்கீட்டு முறையை மாற்றிக்கொண்டு, இயக்கி வைக்கும்படி சொல்கிறது. அதே அமைவு, அதே மென்பொருள், பதிப்பு மாறியதும் அறிவுரை தலைகீழ். படிக்கும் குறிப்பு எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இந்த அமைவு சிஸ்சிடிஎல் கோப்பில் எழுதினால் நிற்காது. கெர்னல் துவக்க வரியில் டிரான்ஸ்பேரண்ட்_ஹியூஜ்பேஜ்=மேட்வைஸ் என்று சேர்க்க வேண்டும்.

நினைவகம் தீரும்போது யார் சாவது

லினக்ஸ் கெர்னல் நினைவகத்தைக் கடனுக்குக் கொடுக்கும் பழக்கம் உள்ளது. இருப்பதைவிட அதிகமாகவே எல்லோருக்கும் வாக்குக் கொடுக்கும்; எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டுவரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. கேட்டு வந்துவிட்டால், கெர்னலுக்குள் இருக்கும் ஊம் கில்லர் என்ற பகுதி எழுந்து, ஒரு செயல்முறையைத் தேர்ந்து சிக்னல் 9 கொடுத்துக் கொன்றுவிடும்.

சாதாரண நிரல் என்றால் ஒன்று போயிற்று, அவ்வளவுதான். போஸ்ட்கிரெஸில் அப்படி முடியாது. செத்த செயல்முறை பகிர்வு நினைவகத்தில் பாதி எழுதிய நிலையில் செத்திருக்கலாம். ஆகவே தலைமைச் செயல்முறை மற்ற எல்லா இணைப்புகளையும் வெட்டிவிட்டு, பகிர்வு நினைவகத்தைத் துடைத்து, கடைசி செக்பாயிண்டிலிருந்து மீட்பைத் தொடங்கும். ஒருவர் எழுதிய மோசமான அறிக்கை வினவலுக்காக 300 பேரும் வெளியே தள்ளப்படுகிறார்கள். உங்கள் பதிவேட்டில் டெர்மினேட்டட் பை சிக்னல் 9 என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று இன்றே தேடிப் பாருங்கள்.

இதற்கு மாற்று, கடன் கொடுப்பதை நிறுத்துவது:

விஎம்.ஓவர்கமிட்_மெமரி = 2

இந்த நிலையில், வரம்புக்கு மேல் கேட்கும் செயல்முறைக்கு இல்லை என்ற பதில் அந்த இடத்திலேயே கிடைக்கும். போஸ்ட்கிரெஸ் அந்தப் பதிலை ஒழுங்காகக் கையாளும்: அந்த ஒரு வினவல் மட்டும் நினைவகம் போதவில்லை என்ற பிழையோடு முடியும், மற்ற 299 பேருக்கும் எதுவும் தெரியாது.

ஆனால் இந்த வரியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது பெரிய தவறு. முதல் சர்வரில் கெடுதல் செய்துகொண்டிருந்த இரண்டு வரிகளில் ஒன்று இதுதான். கூடவே எழுத வேண்டியதை யாரும் எழுதவில்லை. வரம்பு இப்படிக் கணக்கிடப்படுகிறது: மொத்த நினைவகத்திலிருந்து பெரிய பக்கங்களைக் கழித்து, அதில் ஓவர்கமிட்_ரேஷியோ சதவீதத்தை எடுத்து, ஸ்வாப்பை (நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கிய இடம்) கூட்டுவது. ரேஷியோவின் இயல்பு மதிப்பு 50. நம் எடுத்துக்காட்டில் பெரிய பக்கங்கள் 33 ஜிபிக்குச் சற்று மேல்; முழு எண்ணாக 34 என்று கொண்டால், 128-இல் 34 போக 94. அதில் பாதி 47. ஸ்வாப் 4 சேர்த்தால் 51 ஜிபி. மீதி 43 ஜிபி கேச்சுக்கு மட்டுமே போகும். வினவல்கள் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். நிறைய நினைவகம் காலியாக இருக்கும்போதே நினைவகம் போதவில்லை என்ற பிழை வரும் விந்தை இப்படித்தான் நேர்கிறது.

விஎம்.ஓவர்கமிட்_ரேஷியோ = 80

என்றால் 75.2 ஜிபியும் ஸ்வாப் 4-ம் சேர்ந்து 79.2 ஜிபி. இது நியாயமான தொடக்கம். மெம்இன்ஃபோவில் கமிட்லிமிட் வரியில் வரம்பும், கமிட்டெட்_ஏஎஸ் வரியில் இதுவரை வாக்குக் கொடுத்ததும் தெரியும். ஒரு வாரம் கவனித்துவிட்டு எண்ணைச் சரிசெய்யுங்கள்.

எல்லாச் சர்வருக்கும் இது பொருந்தாது. அதே சர்வரில் ஜாவா நிரலோ, பெரிய முகவரி வெளியை முன்கூட்டிக் கேட்டு வைக்கும் கண்காணிப்பு முகவரோ ஓடினால், உண்மையில் பயன்படுத்தாத நினைவகத்துக்கெல்லாம் வரம்பு தீர்ந்துவிடும். அங்கே இயல்பான 0 நிலையிலேயே விட்டுவிட்டு, தலைமைச் செயல்முறையை மட்டும் காப்பாற்றுங்கள். சேவைகளைத் துவக்கி நடத்தும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் ஊம்ஸ்கோர்அட்ஜஸ்ட் மதிப்பை -1000 ஆக்கினால் தலைமைச் செயல்முறை தேர்வுப் பட்டியலிலேயே வராது. பிள்ளைச் செயல்முறைகளும் அதே பாதுகாப்பைப் பெற்றுவிடாதபடி பிஜி_ஊம்_அட்ஜஸ்ட்_ஃபைல், பிஜி_ஊம்_அட்ஜஸ்ட்_வேல்யூ என்ற இரண்டு சூழல் மாறிகளையும் வைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் குழுவின் சொந்தத் தொகுப்புகளில் இது பெரும்பாலும் முன்பே செய்யப்பட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நிலையை வைத்தாலும் தொல்லையின் வேர் போஸ்ட்கிரெஸின் வொர்க்_மெம் அமைவில் இருக்கிறது. அது ஓர் இணைப்புக்கான வரம்பு அல்ல. ஒரு வினவலுக்குள் இருக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் ஆன வரம்பு. 64 எம்பி என்று வைத்து, 300 இணைப்பும் ஆளுக்கு ஒரு வரிசைப்படுத்தல் செய்தாலே 18.75 ஜிபி. மூன்று செய்தால் 56 ஜிபியைத் தாண்டும். இந்தப் பெருக்கலைக் கெர்னலால் திருத்த முடியாது.

ஸ்வாப்

ஸ்வாப்பை முற்றிலும் அணைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 4 ஜிபி ஸ்வாப் இருந்தால், தொல்லை வருவதற்கு முன் விஎம்ஸ்டாட்டில் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு நிரைகளில் எண்கள் அசையத் தொடங்கும். உங்களுக்குச் சில நிமிடம் அவகாசம் கிடைக்கும். ஸ்வாப் இல்லாத சர்வர் எச்சரிக்கை தராமல் விழும்.

விஎம்.ஸ்வாப்பினஸ் = 1

இயல்பு மதிப்பு 60. டேட்டாபேஸ் சர்வருக்கு அது அதிகம். பெரிய காப்புப்படி எடுக்கும்போது கோப்புக் கேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டி, உயிரோட்டமான நினைவகத்தை வட்டுக்குத் தள்ளிவிடும். 0 வேண்டாம். கெர்னல் 3.5-இலிருந்து 0 என்பதன் பொருள் மாறி, மிக நெருக்கடி வரும்வரை ஸ்வாப்பைத் தொடாதே என்றாகிவிட்டது. அதற்குள் ஊம் கில்லர் எழுந்துவிடலாம்.

அழுக்குப் பக்கங்கள்: அந்த 4 விநாடி எங்கிருந்து வருகிறது

போஸ்ட்கிரெஸ் ஒரு பக்கத்தை எழுதுகிறது என்றால், அது முதலில் போவது கெர்னலின் கேச்சுக்கு. எழுதப்பட்டும் வட்டைச் சேராமல் காத்திருக்கும் பக்கங்களைத்தான் அழுக்குப் பக்கங்கள் என்கிறோம். எவ்வளவு சேரும்வரை பொறுப்பது என்பதை இரண்டு அமைவுகள் தீர்மானிக்கின்றன. டர்ட்டி_பேக்கிரவுண்ட்_ரேஷியோவின் இயல்பு மதிப்பு 10: நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் கெர்னல் பின்னணியில் வட்டுக்கு எழுதத் தொடங்கும். டர்ட்டி_ரேஷியோவின் இயல்பு மதிப்பு 20: அதையும் தாண்டினால், எழுதும் செயல்முறைகளையே நிறுத்தி வைத்துவிடும்.

சதவீதம் என்பது சிறிய நினைவகத்துக்கு ஏற்றது. நம் சர்வரில் கெர்னல் கணக்கில் எடுத்துக்கொள்ளும் நினைவகம் 80 ஜிபி என்று வைத்தால், அதில் 10 சதவீதம் 8 ஜிபி. விநாடிக்கு 200 எம்பி எழுதும் வட்டுக்கு அது 40 விநாடி வேலை. இவ்வளவும் சேர்ந்திருக்கும்போது செக்பாயிண்ட் வந்து எஃப்சிங்க் (காத்திருப்பதை வட்டில் எழுதி முடி என்ற அழைப்பு) கேட்டால், அத்தனையும் வட்டின் வரிசையில் ஒரே மூச்சில் இறங்கும். அதே வரிசையின் கடைசியில், ஒரு பயனரின் மாற்றத்தை உறுதிசெய்யும் சிறிய கமிட் நின்றுகொண்டிருக்கும். பயனர் பார்க்கும் உறைவு அதுதான்.

போஸ்ட்கிரெஸ் 9.6 முதல் செக்பாயிண்ட் தான் எழுதுவதை 256 கேபிக்கு ஒருமுறை கெர்னலிடம் சொல்லி வட்டுக்குத் தள்ளச் செய்கிறது. ஆகவே முன்புபோல் மோசமில்லை. ஆனால் பெரிய தரவேற்றம், வட்டில் வழியும் வரிசைப்படுத்தல்கள், அதே சர்வரில் எடுக்கும் காப்புப்படி ஆகியவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சதவீதத்தை விட்டுவிட்டுப் பைட்டில் எழுதுங்கள்:

விஎம்.டர்ட்டி_பேக்கிரவுண்ட்_பைட்ஸ் = 268435456
விஎம்.டர்ட்டி_பைட்ஸ் = 1073741824

முதலாவது 256 எம்பி, இரண்டாவது 1 ஜிபி. பைட்டில் எழுதியதும் சதவீத அமைவு தானாக 0 ஆகிவிடும். இரண்டில் ஒன்றுதான் நடைமுறையில் இருக்கும். உங்கள் வட்டின் வேகம் வேறு என்றால், ஒன்றிரண்டு விநாடிகளில் வட்டு எழுதி முடிக்கக்கூடிய அளவைப் பின்னணி எண்ணாகக் கொள்ளுங்கள். மிகவும் குறைத்துவிட்டால் தரவேற்றம் நத்தையாகிவிடும். இதை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதோடு ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அழுக்குப் பக்கத்தை எழுதும்போது வட்டில் பிழை வந்தால், எஃப்சிங்க் ஒருமுறை பிழை சொல்லும். கெர்னல் அந்தப் பக்கத்தைச் சுத்தமானது என்று குறித்துவிடலாம். மறுமுறை கேட்டால் வெற்றி என்று வரும், தரவோ வட்டில் இருக்காது. இது 2018-இல் போஸ்ட்கிரெஸ் குழுவை உலுக்கியது. பிப்ரவரி 2019-இல் வந்த திருத்தப் பதிப்புகளிலிருந்து, எஃப்சிங்க் தோற்றால் டேட்டாபேஸ் உடனே நின்று, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் வால் பதிவிலிருந்து மீட்டுக்கொள்கிறது. டேட்டா_சிங்க்_ரிட்ரை என்ற அமைவை யாராவது ஆன் ஆக்கி வைத்திருந்தால் அணைத்துவிடுங்கள்.

மீதிச் சில

வட்டு வரிசைமுறை (வட்டுக்கு வரும் கோரிக்கைகளை ஒழுங்குபடுத்தும் முறை): என்விஎம்இ வட்டுக்கு நன், சாட்டா வட்டுக்கு எம்க்யூ-டெட்லைன். பெரும்பாலும் இயல்பிலேயே அப்படித்தான் இருக்கும்.

இரண்டு செயலிச் சாக்கெட் உள்ள சர்வர் என்றால் விஎம்.ஸோன்_ரீக்ளெய்ம்_மோட் 0 என்பதை உறுதி செய்யுங்கள். கெர்னல் 3.16 முதல் அதுவே இயல்பு. பழைய கோப்பு எதுவும் 1 என்று மாற்றிவிடாமல் பாருங்கள். முதல் சர்வரில் கெடுதல் செய்த இரண்டாவது வரி இதுவே: தொலைவிலுள்ள நினைவகம் காலியாக இருக்கும்போதே அருகிலுள்ள கேச்சைத் தூக்கியெறிந்துகொண்டிருந்தது.

செயலியின் மின்சிக்கன நிலையை பெர்ஃபார்மன்ஸ் ஆக்குங்கள். சிறு சிறு வினவல்கள் விட்டுவிட்டு வரும் சர்வரில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மேகச் சர்வர்களில் இது உங்கள் கையில் இருக்காது.

கெர்னல் நேரம் பார்க்கும் கடிகாரமூலம் டிஎஸ்சி (செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான எண்ணி) என்று இருக்கிறதா? வேறு எதுவாகவாவது இருந்தால், வினவலின் ஒவ்வொரு படியையும் அளக்கும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் போட்டதும் வினவல் பல மடங்கு மெதுவாவதைப் பார்க்க நேரலாம். பிஜி_டெஸ்ட்_டைமிங் என்ற கருவி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

வலைப்பின்னலில் ஒன்று மட்டும் முக்கியம். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டிசிபி கீப்அலைவ் இயல்பாக 7200 விநாடி கழித்தே எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும். பிறகு 75 விநாடி இடைவெளியில் 9 முறை. செத்துப்போன பயன்பாட்டுச் சர்வரின் இணைப்பு 2 மணி 11 நிமிடத்துக்கு மேல் பூட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இதைக் கெர்னலில் மாற்றுவதைவிட போஸ்ட்கிரெஸின் டிசிபி_கீப்அலைவ்ஸ்_ஐடில் 60, இன்டர்வல் 10, கவுண்ட் 6 என்று வைப்பது நல்லது. இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறக்கலாம் என்ற வரம்பில் பலர் தடுக்கி விழுகிறார்கள். /எட்சி/செக்யூரிட்டி/லிமிட்ஸ்.கான்ஃப் கோப்பில் எழுதுவது, உள்நுழைந்து வேலை செய்பவருக்குத்தான் பொருந்தும். சிஸ்டம்டி துவக்கும் சேவை அதைப் படிப்பதில்லை. சேவைக் கோப்பில் லிமிட்நோஃபைல் என்று எழுதுங்கள்.

போஸ்ட்கிரெஸை மூலத்திலிருந்து தொகுத்து, சாதாரணப் பயனர் கணக்கில் ஓட்டுகிறீர்களா? பயனர் உள்நுழைவுகளைக் கவனிக்கும் லாகின்டியின் அமைவில் ரிமூவ்ஐபிசி=நோ என்று போடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பயனர் வெளியேறியதும் பகிர்வு நினைவகப் பொருள்களை சிஸ்டம்டி துடைத்துவிடும். டேட்டாபேஸ் நடுவழியில் நிற்கும். டாக்கரில் ஓட்டினால் /டெவ்/எஸ்எச்எம் இயல்பு அளவு 64 எம்பி மட்டுமே. இணையாக ஓடும் பெரிய வினவல் இடமில்லை என்று தோற்கும்போது வட்டைத் தேடி அலையாமல் எஸ்எச்எம்-சைஸ் அளவைக் கூட்டுங்கள்.

எழுதி வைப்பதும் மறுதுவக்கமும்

அமைவுகளை /எட்சி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் 90-போஸ்ட்கிரெஸ்.கான்ஃப் போன்ற தனிக் கோப்பில் எழுதுங்கள். /எட்சி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் என்ற பழைய ஒற்றைக் கோப்பை நம்ப வேண்டாம். டெபியன் 13-இல் துவக்கத்தின்போது அது படிக்கப்படுவதே இல்லை. அடைவில் உள்ள கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படுகின்றன. பின்னால் வருவது முன்னால் வந்ததை மேலெழுதும். ஒவ்வொரு வரிக்கு மேலும் ஒரு குறிப்பு எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்தக் கெர்னல், எந்தத் தொல்லைக்காக, அளவீட்டில் என்ன மாறியது.

ரெட்ஹேட் குடும்பத்து சர்வர் என்றால் அமைவுகளைத் தானே மாற்றும் ட்யூன்ட் என்ற சேவை ஓடுகிறதா என்றும் பாருங்கள். அதன் சுயவிவரங்கள் ஸ்வாப்பினஸ், டர்ட்டி_ரேஷியோ, டிரான்ஸ்பேரண்ட் ஹியூஜ் பேஜ் ஆகியவற்றைத் தொடும். நீங்கள் எழுதியதும் அது எழுதியதும் மோதாதபடி, உங்கள் மதிப்புகளை அதன் சுயவிவரத்துக்குள்ளேயே கொண்டுபோய்விடுவது சிறந்தது.

பிறகு சர்வரை ஒருமுறை மறுதுவக்கம் செய்யுங்கள். எழுந்ததும் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், /ப்ராக் அடைவிலும் /சிஸ் அடைவிலும் கெர்னல் என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள்: ஹியூஜ்பேஜஸ்_டோட்டல் 17000, கமிட்லிமிட் ஏறக்குறைய 79 ஜிபி, டர்ட்டி_ரேஷியோ 0, டிரான்ஸ்பேரண்ட்_ஹியூஜ்பேஜில் மேட்வைஸ் என்ற சொல்லைச் சுற்றி அடைப்புக்குறி. நான்கும் சரியாக இருந்தால், முதலில் ஓட்டிய அதே அரை மணி நேரச் சோதனையை மறுபடி ஓட்டி, பேஜ்டேபிள்ஸ் வரியையும் செக்பாயிண்ட் நேரத்து உறைவையும் பழைய எண்களுக்கு அருகில் எழுதி வையுங்கள்.